புண் ஆறிவிட்டது, நோய் போய்விட்டதா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் ஒரு சின்னப் புண் வந்தது. வலியே இல்லை, மருந்து போடாமலே ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள், அரிப்பு இல்லை. டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்வது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் போலத்தான் தெரிகிறது, ஆனால் வி.டி.ஆர்.எல் போன்ற ரத்தப் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். இந்த நோயின் குசும்பே இதுதான்: முதலில் வரும் புண் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும், ஆனால் கிருமி ரத்தத்தில் உலவிக்கொண்டே இருக்கும், அப்புறம் புள்ளிகளாக வெளிவரும், அதுவும் மறைந்துவிடும். அப்படியே விட்டால் பல வருடம் கழித்து மூளை, இதயம் வரை போகலாம்.

நல்ல செய்தி, ஆரம்பக் கட்டத்தில் இடுப்பில் போடும் ஒரே ஒரு பென்சதைன் பென்சிலின் ஊசி போதும், 24 லட்சம் யூனிட். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை உண்டு. ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்படாதீர்கள், ஒரு நாளில் அடங்கிவிடும். கடையில் களிம்பு வாங்கித் தடவுவது வீண் செலவு.

சரி, கூடவே எச்.ஐ.வி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்களோடு உறவு கொண்டவருக்கும் சொல்லியாக வேண்டும், அவருக்கும் சிகிச்சை தேவைப்படும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம்.