கிளினிக் கொப்பிக்குள் இருக்கும் எண்

நாலு பக்கக் கடிதம். மாமியார் குறை சொல்லும் கிரகணம், கர்ப்பத்தில் போட்ட பனடோல் குளிசை, மச்சானைக் கட்டியது, பிள்ளை நாக்கை வெளியே தள்ளுவது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை நித்திரை கொள்ளவிடாதது கடைசி வரிதான்: "ஆவணியில தங்கச்சிக்குக் கலியாணம். என்ர பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் எண்டு தெரிஞ்சால், பரம்பரை வருத்தம் எண்டு மாப்பிள்ளை வீட்டார் குழப்பிப்போடுவினமோ?"

அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளையின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி எடுத்த ரிப்போர்ட்டை கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். எடுத்து விரியுங்கள். முடிவில் முதலாவதாக நிற்கும் எண் என்ன?

47 என்றால் தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. அந்த எண் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை; பரம்பரைத் தகவலைக் காவும் குரோமோசோம்கள்தான் அவை. நமக்கு அவை 23 சோடி, மொத்தம் 46. முட்டை உருவாகும்போது 21ஆம் சோடி பிரியாமல் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால் பிள்ளைக்கு 21 மூன்றாகிவிடும். சில வேளை விந்திலும் இது நடக்கும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 95 பேருக்கு இப்படித்தான். தற்செயல். கரு தரிக்கும் முன்பே நடந்ததற்குப் பிறகு போட்ட பனடோல் என்ன செய்யும்? கிரகணத்துக்கும் 21ஆம் நம்பரில் மட்டும் என்ன கோபம்? நம்மாட்கள் இவ்வளவு பேர் இருக்கிற பாரிசில் 1959இல்தான் இந்த 47ஐக் கண்டு சொன்னார்கள். அதுவரை டாக்டர்மாருக்கே காரணம் தெரியாது, மாமியாரைக் குறை சொல்லி என்ன! உங்களுக்கு அடுத்த பிள்ளையிலும் இது வரும் சந்தர்ப்பம் நூறில் ஒன்று அளவு. தங்கச்சிக்கு அவர் வயதில் எவருக்கும் உள்ளதுதான்.

எண் 46 என்றால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். "46 சரியான எண்தானே" என்று சிலர் ரிப்போர்ட்டை மூடிவிடுகிறார்கள். சரியில்லை. மேலதிக 21 தனியே நிற்காமல் இன்னொன்றில், அனேகமாக 14இல், ஒட்டிக்கொண்டதால்தான் எண்ணிக்கை கூடவில்லை. நூறில் மூன்று நான்கு பேர் இப்படி. அதிலும் பெரும்பாலானவை புதிதாக நடந்தவை. ஆனால் சில குடும்பங்களில் தாயோ தகப்பனோ அந்த ஒட்டை ஒரு வருத்தமுமில்லாமல் காவிக்கொண்டு திரிவார். அவருக்கு எண்ணினால் 45தான் இருக்கும், ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாய் காவினால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நூறில் பத்துப் பதினைந்து வரை சந்தர்ப்பம், தகப்பன் என்றால் மிகக் குறைவு. ஆகவே நீங்கள் இருவரும் இரத்தம் கொடுக்க வேண்டும். மச்சானைக் கட்டியதால் 21 மூன்றாகாது, ஆனால் அது கணக்கில் வருவது இங்கேதான்: உங்களில் யாருக்கு 45 இருந்தாலும் தங்கச்சியும் சோதிக்க வேண்டும், கணவர் அவருக்கும் சொந்தம்தானே.

பிள்ளை நாக்கை வெளியே தள்ளுவது தசை தளர்வால். பயப்பட ஒன்றுமில்லை. தங்கச்சி வைபரில் வந்ததைப் பார்த்து ஃபோலிக் அமிலம் நாளுக்கு மூன்று போடுகிறாராம்! ஒன்று போதும். அது பிறக்கப்போகும் பிள்ளையின் முள்ளந்தண்டுக்கு, 21ஐ எண்ணித் திருத்தாது. லண்டன் சித்தப்பா அனுப்பிய மூளை விற்றமின் போத்தலையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

46 என்று இருந்தால் ஆவணி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கிழமையே ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.