ஸ்கேனில் கட்டி, ரத்தத்தில் நெகட்டிவ்: எதை நம்புவது?

கே: என் மகனுக்கு 19 வயது. போன மாதம் திடீரென வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ.யில் மூளையில் ஒரே ஒரு சின்னக் கட்டி. நாடாப்புழுவின் கட்டியாக இருக்கலாம் என்றார்கள். லேபில் ரத்தம் கொடுத்தோம். ‘சிஸ்டிசெர்கஸ் ஐஜிஜி எலைசா – நெகட்டிவ்’ என்று வந்திருக்கிறது. நாங்கள் சுத்த சைவம் வேறு. புழு இல்லை என்றுதானே அர்த்தம்? வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

ப: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த நெகட்டிவை வைத்துப் புழு இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த எலைசா ரத்தப் பரிசோதனை புழுவைத் தேடுவதில்லை. புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. ஒற்றைக் கட்டியாக இருந்தால் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். கட்டி சுண்ணாம்பாக இறுகிப்போனாலும் அப்படித்தான். நம் நாட்டில் அதிகம் பார்ப்பது இந்த ஒற்றைக் கட்டியைத்தான் என்பதால் பரிசோதனை தவறாக நெகட்டிவ் காட்டுவதும் இங்கேதான் அதிகம்.

எலைசாவில் இன்னொரு சங்கடம்: பல கிட்களில் புழுவின் கச்சாச் சாறுதான் இருக்கும். ஹைடாடிட் போன்ற வேறு புழுத்தொற்று இருந்தாலும் பாசிட்டிவ் காட்டிவிடும். இதைவிட நம்பகமானது, புழுவிலிருந்து சுத்திகரித்த ஏழு கிளைகோபுரோட்டீன்களை (சர்க்கரை சேர்ந்த புரதங்களை) வைத்துச் செய்யும் ஈ.ஐ.டி.பி. என்ற வெஸ்டர்ன் பிளாட் முறை. எதிர்ப்புப் பொருள் ஒட்டிய புரதம் ஒரு பட்டையாகத் தெரியும்; ஏழில் ஒரு பட்டை தெரிந்தாலே பாசிட்டிவ். தவறான பாசிட்டிவ் மிக அபூர்வம். உயிருள்ள கட்டிகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அனேகமாகத் தவறாது. ஒற்றைக் கட்டியை இதுவும் தவறவிடும். எனவே ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவா நெகட்டிவா’ என்பதற்கு முன்னால் ‘எந்த முறை’ என்று பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஸ்கேன்தான் முக்கியச் சாட்சி. கட்டி 20 மில்லிமீட்டருக்குள், வட்டமாக, உள்ளே புழுவின் தலை புள்ளியாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. அதைவிடப் பெரிதாக, ஓரம் ஒழுங்கில்லாமல், சுற்றிலும் வீக்கத்தோடு மூளையைத் தள்ளிக்கொண்டிருந்தால் காசநோய்க் கட்டியா என்று பார்க்க வேண்டும். நிம்ஹான்ஸ் போன்ற மூளை, நரம்பு மருத்துவமனைக்குப் போகும்போது எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் சி.டி.யில் வாங்கிக்கொண்டு போங்கள்.

சைவம் காப்பாற்றாது. சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடல் புழு. மூளைக் கட்டிக்குக் காரணம், அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக வரும் முட்டை. வீட்டில் எல்லோரும், சமையல் செய்பவர் உட்பட, மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முட்டை தினமும் வெளியேறாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது.

கடையில் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். புழு சாகும்போது மூளை வீங்கி வலிப்பு கூடும். அதனால்தான் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டை முதலில் தொடங்குவார்கள். கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வையே போகலாம். கண் பரிசோதனை முடியாமல் மருந்து வேண்டாம்.

கே: மூளையில் இருந்த நாடாப்புழுக் கட்டிக்குச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. ரத்தத்தில் இன்னும் பாசிட்டிவ். மறுபடி மருந்து சாப்பிடணுமா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

ப: அதற்காக மட்டும் வேண்டாம். புழு செத்த பிறகும் எதிர்ப்புப் பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். குணமானதை எம்.ஆர்.ஐ.தான் சொல்லும், கட்டி மறையும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம். சுண்ணாம்புத் தழும்பு மிஞ்சியிருக்கிறதா என்பது சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். தழும்பு இருந்தால் வலிப்பு மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும்.