ஹெச்.ஆர். சம்பளத்தைச் சொல்ல மறுத்தால்

உங்கள் வீட்டை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார்; அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் விசாரிக்கிறீர்கள். "வேலை பார்ப்பது உண்மைதான், சம்பளம் சொல்ல மாட்டோம்" என்று ஹெச்.ஆர். (பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவு) சொன்னதை வைத்து அவருக்கு வீடு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பதவி, சேர்ந்த தேதி தவிர வேறெதையும் பல நிறுவனங்கள் சொல்வதில்லை. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

சம்பள விவரத்தை வாடகைக்கு வருபவரிடமே கேளுங்கள். கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டையும் அதே மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் அருகருகே வையுங்கள். பிடித்தம் போக சீட்டின் அடியில் வரும் தொகை, கணக்கில் வரவான தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அனுப்பியவர் பெயரையும் பாருங்கள். சீட்டை மட்டும் நம்பாதீர்கள், அதைத் திருத்துவது சுலபம்.

ஹெச்.ஆரிடம் நீங்கள் பேசியது அவர் கொடுத்த செல் நம்பரிலா? அப்படியானால் அந்தப் பேச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பொது எண்ணில் கூப்பிட்டு, "எப்போது சேர்ந்தார்? நிரந்தரமா, ஒப்பந்தமா?" என்று கேளுங்கள். தேதியை நீங்களே சொல்லி "சரிதானே?" என்றால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும்.

வேலை உறுதியானாலும் வாடகை ஒழுங்காக வரும் என்று ஆகாது. அதை அவர் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் கேளுங்கள். இப்போதைய உரிமையாளர், ஆள் போனால் போதும் என்று நல்லவிதமாகச் சொல்லக்கூடும்.