திருச்சி வரை பிசினஸ் கிளாஸ்: ஏஜென்ட் சொல்வதும் டிக்கெட் சொல்வதும்

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மெல்பர்னில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு நானும் மனைவியும் ஊர் திரும்பப் போகிறோம். சிங்கப்பூரில் ஒரு நாள் மாலை இறங்கி, மறுநாள் மாலை திருச்சிக்கு விமானம். நடுவில் 22 மணி நேரம். எனக்கு மூட்டுவலி, அதனால் பிசினஸ் கிளாஸில் அனுப்புகிறேன் என்கிறான் மகன். எங்கள் ஊர் ஏஜென்ட் 'திருச்சி வரை பிசினஸ்' என்று ஒரு விலை சொல்கிறார். பாயிண்டில் எடுத்தால் பாதி விலைதான் என்கிறார். சிங்கப்பூரில் வெளியே போக விசா கட்டாயமாம், அதையும் அவரே எடுத்துத் தருவாராம். ஊர் பார்க்க முடியுமா? இவரை நம்பலாமா?"

ஊர் பார்க்கலாம், தாராளமாக. ஏஜென்ட் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் அல்லது திரும்பும் வழியில் இறங்குபவர்களுக்கு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே போக ஒரு சலுகை இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவும், அந்த நேரத்துக்குள் கிளம்புவதற்கான உறுதியான டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். உங்களுடையது பலமுறை போய்வரும் ஆஸ்திரேலிய விசா என்றால், சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஒரு மாதமாவது அதற்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால்தான் ஏஜென்டுகள் பயமுறுத்துவார்கள். "அதுதான் மெல்பர்னில் இறங்கியபோதே தீர்ந்துவிட்டதே, இனி அது வெறும் காகிதம்" என்பார்கள். அப்படி இல்லை. திரும்பி வரும் பயணத்தில், அந்த விசாவைக் கொடுத்த நாட்டிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு வந்தால், பயன்படுத்தி முடித்த விசாவையும் ஏற்கிறார்கள். நேராக என்பதுதான் இதில் முக்கியம். மெல்பர்னிலிருந்து பாலிக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் வந்தால் இது செல்லாது. ஊருக்கு வந்துவிட்டு, அடுத்த மாதம் அதே பழைய விசாவைக் காட்டிச் சிங்கப்பூர் சுற்றிப் பார்க்கிறேன் என்றாலும் செல்லாது. நீங்கள் மெல்பர்னில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள். உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

இந்தச் சலுகைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் எதுவும் கிடையாது. குடியேற்ற அதிகாரி உங்கள் காகிதங்களைப் பார்த்து அங்கேயே முடிவு செய்வார். அதனால் "டிரான்சிட் விசா ஏற்பாடு" என்று யாராவது பணம் கேட்டால், இல்லாத சரக்குக்கு விலை சொல்கிறார் என்று பொருள். முறையான சிங்கப்பூர் விசாவே எடுப்பதானாலும் அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர்தான். அதற்கு மேல் கேட்பதெல்லாம் அவருடைய சேவைக் கட்டணம். எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

விசா வேண்டாம் என்றாலும், வருகை அட்டை என்று ஒன்று உண்டு. அதை எல்லோரும் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். சிங்கப்பூர் குடியேற்றத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம். அச்சு அசலாக அதே மாதிரி தோற்றத்தில் காசு வாங்கும் தளங்கள் இருக்கின்றன, தேடினால் சில நேரம் அவைதான் முதலில் வந்து நிற்கும். மகனை நிரப்பச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. அந்தத் துறையின் தளத்திலேயே 96 மணி நேரச் சலுகையின் இன்றைய நிபந்தனைகளையும் படித்துவிடட்டும். ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை என்பதால் விசா வழங்கிய கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்பர்ன் கவுன்டரிலேயே அதைக் கேட்பார்கள்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குப் பறக்கிறது. திருச்சிக்கு அதன் குறைந்த கட்டண நிறுவனமான ஸ்கூட்தான் வருகிறது. ஸ்கூட்டில் பிசினஸ் கிளாஸ் என்று ஒன்று கிடையாது. அதன் பெரிய விமானங்களில் ஸ்கூட்பிளஸ் என்று அகலமான இருக்கை உண்டு, திருச்சிக்கு வருபவை சிறிய விமானங்கள். அப்படியென்றால் உங்கள் ஏஜென்ட் சொல்லும் "திருச்சி வரை பிசினஸ்" என்ன? மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிசினஸ், அங்கிருந்து திருச்சி வரை நாலு மணி நேரம் சாதாரண இருக்கை. அநேகமாக அதுதான். இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருப்பதால் மொத்தத்துக்கும் பிசினஸ் என்று பெயர்.

இது சட்டப்படி மோசடி ஆகாது. டிக்கெட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் (மெல்பர்ன்–சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூர்–திருச்சி ஒன்று) எதிரே கேபின், அதாவது எந்த வகுப்பு, என்று போட்டிருக்கும். விமான எண் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எழுத்தில் தொடங்கினாலும், கீழே "இயக்குவது ஸ்கூட்" என்று இருக்கும். பணம் கட்டும்வரை அதை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். விமான நிறுவனங்களின் தளங்களும் இதில் உத்தமர்கள் இல்லை. 'பிசினஸ்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கலப்பு கேபின் என்பதைச் சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸில் போடுவார்கள். அறுபது தாண்டியவர்கள் அதிகம் வாங்கும் டிக்கெட்டை அறுபது தாண்டியவர்களால் படிக்க முடியாதபடி அச்சடிக்கும் தொழில் இது ஒன்றுதான்.

முழு வழியும் பிசினஸ் வேண்டும் என்றால் சென்னைக்கு எடுக்க வேண்டும். ஆனால் நள்ளிரவில் சென்னையில் இறங்கி, மூட்டுவலியோடு தஞ்சாவூர் வரை காரில் போவதானால் அந்த நாலு மணி நேர சொகுசுக்குப் பொருளே இல்லை. நானாக இருந்தால் மெல்பர்ன்–சிங்கப்பூர் மட்டும் பிசினஸ் எடுத்து, திருச்சிக்கு ஸ்கூட்டில் கூடுதல் காசு கொடுத்து முன்வரிசையில் கால் நீட்ட இடமுள்ள இருக்கை வாங்குவேன். அவசர வழியை ஒட்டிய வரிசையைக் கேட்காதீர்கள், முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு அதைத் தரமாட்டார்கள்.

இரண்டு பிரிவும் ஒரே டிக்கெட்டில்தான் இருக்க வேண்டும். விலையைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் இரண்டு தனி டிக்கெட்டாக வெட்டினால், பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூரோடு நின்றுவிடும். பிசினஸில் 40 கிலோ என்று கட்டிக்கொண்டு வந்தது, ஸ்கூட் டிக்கெட்டில் எத்தனை கிலோ வாங்கியிருக்கிறீர்களோ அத்தனைக்குள் அடங்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலையில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்து, இடைவெளி 24 மணி நேரத்துக்குள் இருந்தால் பெட்டி பொதுவாக திருச்சிக்கே போய்விடும், உங்கள் 22 மணி நேரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. 24-ஐத் தாண்டினால் அதை இடைத்தங்கல் என்று கணக்கிடுவார்கள், கட்டணமும் மாறலாம். "இன்னும் நாலு மணி நேரம் சேர்த்து நிதானமாகப் பாருங்களேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாயிண்ட் டிக்கெட் விவகாரத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. யாரோ முன்பின் தெரியாதவருடைய கணக்கில் சேர்ந்த மைல்களை (விமானத்தில் பறந்தும் கிரெடிட் கார்டு வழியாகவும் சேரும் பாயிண்டுகளுக்கு அதுதான் பெயர்) ஏஜென்ட் வாங்கி, அதில் உங்களுக்கு இலவச டிக்கெட் போட்டு, அதை உங்களுக்கு விற்கிறார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில், உறுப்பினர் தனக்கும் தான் பதிவு செய்த ஐந்து பேர் வரைக்கும்தான் இப்படி டிக்கெட் எடுக்க முடியும். அதாவது நீங்கள் அந்த முகம் தெரியாத மனிதரின் ஐவரில் ஒருவராக ஆகிவிடுகிறீர்கள். மைல்களைக் காசுக்கு விற்பதை விமான நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள். மெல்பர்ன் கவுன்டரில் நிற்கும்போதுகூட அது நடக்கலாம். ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும், ரசீதில் விமானக் கட்டணமே இருக்காது, வரி மட்டும்தான் இருக்கும். எதை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பீர்கள்?

மகன் கணக்கிலேயே மைல்கள் இருந்து, அவர் உங்கள் இருவரையும் பதிவு செய்து எடுத்தால் அது முழுக்க நியாயமானது. மெல்பர்னில் இருப்பவருக்கு அங்கே கிரெடிட் கார்டு வழியாக மைல்கள் சேர்ந்திருக்கவும் கூடும். கேட்டுப் பாருங்கள்.

எந்த டிக்கெட் வாங்கினாலும் பணம் கட்டிய அன்றே, அதிலுள்ள முன்பதிவு எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழகான பிடிஎஃப் டிக்கெட் ஆகாது.

அப்புறம் அந்த 22 மணி நேரம். பெட்டி திருச்சிக்குப் போய்விடுவதால் மாத்திரை, ஒரு செட் துணி, குடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். தங்க லிட்டில் இந்தியா பக்கம் ஹோட்டல் போடுங்கள், இட்லி காபிக்கு அலைய வேண்டாம்; செராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-லிருந்து இருக்கிறது. மெட்ரோவில் எக்ஸ்போ நிலையத்தில் மாறிப் போகலாம், மூட்டுவலிக்கு டாக்ஸிதான் மேல். அன்றிரவே கார்டன்ஸ் பை தி பே போய்விடுங்கள். அங்குள்ள செயற்கை ராட்சத மரங்களின் ஒளிக்காட்சி 7:45-க்கும் 8:45-க்கும் நடக்கிறது, வெளித் தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்கள், மரங்களுக்கு நடுவே உள்ள நடைபாலம் போன்றவற்றுக்குத்தான் காசு.

மறுநாள் காலை சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போங்கள். மதியத்துக்கு மேல் வெயிலில் எதையும் வைத்துக்கொள்ளாமல் விமான நிலையத்துக்கே வந்து, அதை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் அந்த 40 மீட்டர் உட்புற அருவியைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் வாங்குவதெல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும் என்பதை உங்கள் மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வீல்சேர் இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். பிசினஸ் பிரிவுக்குப் போட்டுவிட்டு ஸ்கூட்டுக்கு விட்டுவிடுவது ஏஜென்டுகளின் வழக்கம், அதனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு மகனை இரண்டு நிறுவனத்துக்கும் போன் செய்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.