தீவனம் தீர்ந்த படை – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி நீங்கள் எழுதிய தொடரை ஒன்றுவிடாமல் படித்தேன். கெட்டிஸ்பர்க்குக்கு மூன்று பகுதி, விக்ஸ்பர்க்குக்கு இரண்டு. ஆனால் நியூ மெக்சிகோ மட்டும் "அங்கேயும் ஒரு சில்லறை மோதல் நடந்தது" என்ற ஒரே வரியோடு போய்விட்டது. போன வருடம் டென்வரில் மகன் வீட்டில் இருந்தபோது சாந்தா ஃபே வரை காரில் போனோம். வழியில் குளோரியேட்டா கணவாய். போரைத் திருப்பிய சண்டையின் பெயரால் அதை 'மேற்கின் கெட்டிஸ்பர்க்' என்கிறார்கள். அங்கே டெக்சாஸ் படை ஜெயித்திருந்தால் கொலராடோ தங்கம், கலிபோர்னியா தங்கம், பசிபிக் துறைமுகம் எல்லாம் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கைக்குப் போய் போரின் முடிவே மாறியிருக்கும் என்பது என் மகனின் கட்சி. இதையா சில்லறை என்பது? அந்தப் படை கடைசியில் என்ன ஆனது? அடுத்த கோடையில் மறுபடி அந்தப் பக்கம் போகிறோம், பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

'சில்லறை' என்று எழுதியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மகனிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். குளோரியேட்டாவில் சண்டை முடிந்த அன்று மாலை களத்தில் நின்றது டெக்சாஸ்காரர்கள்தான். பின்வாங்கியது வடக்குப் படை. ஐந்து வாரம் முன்பு வால்வெர்டேயிலும் அவர்களே ஜெயித்தார்கள். இரண்டு பெரிய சண்டை, இரண்டிலும் வெற்றி. அப்படியும் அந்தப் படை நான்கு மாதத்தில் கந்தலாகி, செருப்புகூட இல்லாமல் வந்த வழியே திரும்பியது. எனக்கு இதில் பிடித்த இடம் அதுதான்.

படையின் தலைவர் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி. லூசியானாக்காரர், போருக்கு முன் நியூ மெக்சிகோவிலேயே அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். ஒரே கம்பத்தில் நிற்கும் கூம்பு வடிவக் கூடாரம் ஒன்றை உருவாக்கி 1856-ல் காப்புரிமையும் வாங்கியிருந்தார். போர் வந்ததும் வேலையை விட்டுத் தெற்குப் பக்கம் போனார். கூடாரம் வடக்கிலேயே தங்கிவிட்டது. வடக்கு ராணுவம் கிட்டத்தட்ட 44,000 சிப்லி கூடாரங்களைச் செய்து பயன்படுத்தியது, அவருக்குக் காசு போகவில்லை. குடிப்பழக்கம் உண்டு, அதுவும் அளவோடு நிற்காத ரகம்.

இந்த மனிதர் 1861-ல் தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குப் போய் தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸைச் சந்தித்துத் தன் திட்டத்தை விற்றார். ஆள் திரட்ட அனுமதி போதும், சோறும் தீவனமும் போகிற இடத்தில் கிடைக்கும், கோட்டைகளில் இருக்கிற வடக்கின் சரக்கு நமக்கு, மக்கள் நம் பக்கம் வருவார்கள், அப்படியே கலிபோர்னியா வரை போகலாம். செலவே இல்லாத படையெடுப்பு. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சான் அன்டோனியோவில் மூன்று குதிரை ரெஜிமென்ட் திரட்டினார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்து குதிரையும் வேட்டைத் துப்பாக்கியும் கொண்டுவந்தவர்கள். எல்லோருக்கும் துப்பாக்கி இல்லாததால் இரண்டு கம்பெனிகளுக்குக் கையில் ஈட்டி. அங்கிருந்து எல் பாசோ ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், எல்லாம் காய்ந்த நிலம். மொத்தப் படையும் ஒரே நாளில் ஒரு ஊற்றுக்குப் போனால் குதிரைக்குத் தண்ணீர் மிஞ்சாது. அதனால் கூறு கூறாகப் பிரிந்து, முன்னால் போன கூட்டம் குடித்த ஊற்று மறுபடி ஊறும்வரை இடைவெளி விட்டு நடந்தார்கள். 1861 டிசம்பரில் எல் பாசோ பக்கத்துப் பிளிஸ் கோட்டையில் இதற்கு 'நியூ மெக்சிகோ படை' என்று பெயர் வைத்தார் சிப்லி. பெயருக்குத்தான் அது பெரிய படை. வடக்கே கிளம்பியது சுமார் 2,500 பேர்.

வண்டி மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும், நமக்குத்தான் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினால் படை நகர்ந்துவிட்டதாக நினைப்பு. ராணுவ அளவுப்படி ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குப் புல்லும் தானியமுமாகப் 12 கிலோ வேண்டும். 2,000 குதிரை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 24 டன். இழுக்கிற கோவேறு கழுதைகளின் வயிறு இதில் சேரவில்லை. மாதமோ பிப்ரவரி, இடம் புல்லே முளைக்காத மேட்டு நிலம். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்கள் தங்களுக்கே போதாமல் விளைவித்து வாழ்பவை. போகிற இடத்தில் கிடைக்கும் என்றாரே, அது எங்கே இருந்து கிடைக்கும்?

முதல் தடை கிரெய்க் கோட்டை. உள்ளே வடக்குப் படையின் தலைவர் எட்வர்ட் கான்பி, சுமார் 3,800 பேர், நிறைய சரக்கு. சிப்லி எதிரே வந்து நின்று வெளியே வந்து சண்டை போடு என்றார். கான்பி வரவில்லை. எனக்கு இந்தப் போரில் பிடித்த ஆள் இவர்தான். படபடப்பு கிடையாது, வீரவசனம் கிடையாது. எதிரியின் மூட்டையில் எத்தனை நாள் சாப்பாடு இருக்கும் என்று ஓரளவு கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாத சிப்லி, ஆற்றைக் கடந்து கிழக்குக் கரை மணலில் சுற்றிப் போக முயன்றார். அங்கே தண்ணீர் இல்லை. ராத்திரி தாகத்தில் அறுத்துக்கொண்ட கழுதைகள் நூற்றுக்கு மேல் நேரே ஆற்றுக்கு ஓடி வடக்குப் படையின் கையில் சிக்கின. இழுக்க விலங்கு இல்லாததால் சண்டைக்கு முன்பே கொஞ்சம் வண்டிகளைக் கைவிட வேண்டியதாயிற்று. (அதே ராத்திரி வடக்கின் கேப்டன் கிரேடன் இரண்டு கிழட்டுக் கழுதைகள் மேல் குண்டுகளைக் கட்டித் திரியைப் பற்றவைத்து எதிரி முகாம் பக்கம் விரட்டினாராம், அவை பாசத்தோடு அவர் பின்னாலேயே திரும்பி வந்தனவாம். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.)

மறுநாள், 1862 பிப்ரவரி 21, வால்வெர்டே. சிப்லி உடம்பு சரியில்லை என்று பொறுப்பைத் தன் அதிகாரி டாம் கிரீனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். குடிதான் காரணம் என்று அவருடைய ஆட்களே பேசினார்கள். கேப்டன் லாங் தன் ஈட்டிக் கம்பெனியோடு கொலராடோ காலாட்படை மேல் பாய்ந்தார். அவர்கள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள், சில நிமிடங்களில் கம்பெனியே கலைந்தது. லாங் காயத்தோடு கிடந்து பின்னர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். மிஞ்சியவர்கள் ஈட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துப்பாக்கி தேடிக்கொண்டார்கள். சாயங்காலம் கிரீனின் ஆட்கள் நடந்தே ஓடிப்போய் வடக்கின் பீரங்கி அதிகாரி மெக்ரேயின் ஆறு பீரங்கிகளைப் பிடித்தார்கள். மெக்ரே தெற்கில், வட கரோலினாவில் பிறந்தவர், ஆனால் வடக்குக்கு விசுவாசமாக நின்று தன் பீரங்கிகளுக்கு நடுவிலேயே செத்தார்.

வெற்றிதான். ஆனால் குதிரைகள் ஏகமாகச் செத்ததில் ஒரு ரெஜிமென்ட் முழுக்கத் தன் மிச்சக் குதிரைகளைக் கொடுத்துவிட்டுக் காலாட்படையாக மாறியது. கான்பி கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சரக்கோடு. சிப்லி அதை முதுகுப் பக்கம் விட்டுவிட்டு வடக்கே நடந்தார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை, நிஜக் குதிரைகளை வைத்துக்கொண்டே. அல்புகர்க்கியில் நுழைந்தபோது வடக்கின் கிடங்கு எரிந்து முடிந்திருந்தது. சாந்தா ஃபேயிலும் கை நிறைய எதுவும் இல்லை.

இங்கே ஊர்க்காரர்களைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான புத்தகங்களில் அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். அங்கே இருந்தது ஸ்பானிய மொழி பேசும் மக்கள். அவர்களுக்கு லிங்கன் மேல் பெரிய காதல் எதுவும் இல்லை, ஆனால் டெக்சாஸ்காரன் என்றால் பழைய கசப்பு. 1841-லேயே டெக்சாஸிலிருந்து ஒரு கூட்டம் சாந்தா ஃபேயைப் பிடிக்கக் கிளம்பி வந்து பிடிபட்டிருக்கிறது. இப்போது மறுபடி வந்து ரிச்மண்ட் அரசின் காகிதப் பணத்தை நீட்டினால் யார் ஆட்டையும் சோளத்தையும் கொடுப்பார்கள்? ஒளித்துவைத்தார்கள். பிடுங்கியவர்கள் மேல் வெறுப்பு இன்னும் கூடியது. 'மக்கள் நம் பக்கம்' என்ற வரி திட்டத்திலிருந்து இப்படித்தான் அழிந்தது.

குளோரியேட்டா, மார்ச் 28. டென்வரிலிருந்து சுமார் 400 மைலைப் பனியில் 13 நாளில் நடந்து வந்த வடக்கின் கொலராடோ தொண்டர் படையினர் ஸ்லோ என்பவரின் கீழ் கணவாய்க்குள் வந்தார்கள். சிப்லி அல்புகர்க்கியிலேயே இருந்தார், டெக்சாஸ் பக்கம் தலைமை ஸ்கரி. நாள் முழுக்கச் சண்டை, ஸ்லோ பின்வாங்கினார். அதே நேரம் ஷிவிங்டன் என்ற மெதடிஸ்ட் போதகர் நானூறு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு மேட்டு நிலம் வழியாகச் சுற்றிப் போய் டெக்சாஸ் படையின் பின்பக்கம் இறங்கினார். வழி காட்டியவர் மானுவல் சாவேஸ், உள்ளூர்க்காரர், அந்த மண்ணின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர். கீழே பள்ளத்தில் வண்டிகள், அறுபது முதல் எண்பது வரை, ஏறக்குறையக் காவலே இல்லாமல். மாவு, துணி, மருந்து, கம்பளி, குண்டு எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். ஸ்கரி வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் இரவுக்குப் போர்த்த கம்பளி இல்லை. காயம்பட்டவர்களை இழுத்துக்கொண்டு சாந்தா ஃபேக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கம்பளி இருக்கும் இடத்தைக் காட்டி மருத்துவம் பார்த்தது யார் தெரியுமா? கான்பியின் மனைவி லூயிசா.

அதனால் உங்கள் மகனின் 'ஜெயித்திருந்தால்' என்ற கேள்வி எனக்கு ஒட்டவில்லை. வடக்கின் பெரிய கிடங்கான யூனியன் கோட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் சில வாரம் சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். கலிபோர்னியாவிலிருந்து வடக்கின் தளபதி கார்ல்டன் 2,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு ஏற்கெனவே கிழக்கே வந்துகொண்டிருந்தார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மூட்டை மாவுகூட வந்து சேரவில்லை. கெட்டிஸ்பர்க் என்ற பெயரை உள்ளூர்ப் பெருமைக்காக வைத்துக்கொள்ளட்டும், விட்டுவிடலாம்.

திரும்பிய கதை கொடூரம். கிரெய்க் கோட்டையைத் தவிர்ப்பதற்காக ஏப்ரல் நடுவில் ஆற்றை விட்டு மேற்கு மலைகளுக்குள் புகுந்தார்கள், சுமார் நூறு மைல், பாதையே கிடையாது. வண்டிகளைக் கொளுத்தினார்கள், நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மையும் நிமோனியாவும் ஏற்கெனவே பலரை எடுத்திருந்தன. பின்னால் தடம் பார்த்துப் போன கிரேடன் அரைகுறையாகப் புதைத்த பிணங்களைக் கண்டு அறிக்கை எழுதினார். இவ்வளவிலும் வால்வெர்டேயில் பிடித்த ஆறு பீரங்கிகளை மட்டும் கயிறு கட்டி இழுத்து டெக்சாஸ் வரை கொண்டுபோனார்கள். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கையில் காட்ட அது ஒன்றுதானே மிச்சம். போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பவில்லை. சிப்லி மே மாதம் எழுதிய கடிதத்தில் இந்தப் பிரதேசம் இதற்காகச் சிந்திய ரத்தத்தில் கால்வாசிக்குக்கூடப் பெறாது என்றார். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்.

அவருக்கு அப்புறம் ராணுவ விசாரணை, எகிப்து மன்னரிடம் வேலை, அங்கேயும் குடியால் நீக்கம், 1886-ல் வறுமையில் சாவு. வென்றவர்களின் கதை இன்னும் மோசம். டெக்சாஸ்காரர்களை விரட்டத் திரட்டிய படைகளை அப்புறம் பழங்குடிகள் மேல் திருப்பினார்கள். நவஹோ மக்களை 1864-ல் நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே துரத்தியது கார்ல்டனின் உத்தரவு. அதே வருடம் நவம்பரில் சாண்ட் கிரீக்கில் சமாதானமாக முகாமிட்டிருந்த செயென், அரபாஹோ குடும்பங்களைக் கொன்றது ஷிவிங்டன், நான் மேலே கொண்டாடாத குறையாகச் சொன்ன அதே போதகர்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். குளோரியேட்டா களம் இப்போது பெகோஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. 1987-ல் அங்கே ஒருவர் வீடு கட்டத் தோண்டியபோது 31 டெக்சாஸ் சிப்பாய்களின் எலும்புகள் கிடைத்தன, ஒருவரைத் தவிர எல்லோரும் ஒரே குழியில். பெரும்பாலானவர்களைச் சாந்தா ஃபே தேசியக் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள், அங்கே போகலாம். அப்படியே அல்புகர்க்கி பழைய நகரச் சதுக்கத்துக்கும் போங்கள். பின்வாங்கும்போது இழுக்கக் கழுதை இல்லாமல் எட்டுச் சிறு பீரங்கிகளை அங்கே மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள். பீரங்கிப் படை அதிகாரி டீல் 1889-ல், 27 வருடம் கழித்து, திரும்பி வந்து இடத்தைக் காட்டினார், தோண்டியெடுத்தார்கள். நான்கு அல்புகர்க்கிக்கு, நான்கு கொலராடோவுக்கு. சதுக்கத்தில் நிற்பவை நகல்கள், அசலுக்கு அருங்காட்சியகத்தில் விசாரியுங்கள்.