தத்துவப் பேராசிரியராக விரும்பும் மகளின் பெற்றோருக்கு

தங்கள் மகள் சமூக அறிவாய்வியலில் (நாம் பிறர் வழியாக எப்படி அறிவு பெறுகிறோம் என்று ஆராயும் தத்துவப் பிரிவில்) முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்க விரும்புவதாகவும், அது பிழைப்புக்கு வழியாகுமா என்ற கவலை தங்களை வாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானது, ஆனால் அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கவலைப்படுவது நல்லது.

"உங்கள் பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டால், மாணவர்கள் சான்றிதழைக் காட்டுவார்கள், அதில் எழுதியவருக்கு யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும்போது, நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிறர் சொல்லை நம்பிப் பெற்றதே என்பது அவர்களுக்கே புலப்படும். யாரை நம்பலாம், வல்லுநர்கள் முரண்படும்போது என்ன செய்வது, முன்முடிவு காரணமாக ஒருவரின் சொல்லுக்கு உரிய மதிப்புக் கிடைக்காமல் போவது எவ்வகை அநீதி என்பனவே இத்துறையின் கேள்விகள். கடைசிக் கேள்வியைத் தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. பொய்ச் செய்தி பெருகிய காலத்தில் இதழியல், மருத்துவ அறவியல் போன்ற பாடங்களிலும் இக்கேள்விகள் இடம்பெறுகின்றன.

இனி வேலை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கல்லூரிகள் பெரும்பாலும் தேடுவது தர்க்கம், அறவியல், தத்துவ வரலாறு ஆகியவற்றைத் தொடக்க நிலை மாணவர்களுக்கு நடத்தக்கூடியவரைத்தான். ஆய்வுத் தலைப்பு எவ்வளவு புதுமையானதாக இருந்தாலும், அது ஒன்றை மட்டும் நடத்தத் தெரிந்தவருக்கு இடம் கிடைப்பது அரிது. ஆகவே முதுகலையிலேயே தர்க்கத்தில் தங்கள் மகள் உறுதியாகக் காலூன்ற வேண்டும். உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடத்தை, வேறு வருமானம் இல்லாதவர் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. பல ஆண்டுகள் கடனில் கழியும் படிப்பு, நல்ல மாணவரையும் பாதியில் நிறுத்திவிடும்.

அவருக்குக் கற்பிப்பதில் நாட்டம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். தக்க காரணத்தோடு உண்மையை நம்புவது மட்டுமே அறிவாகிவிடுமா என்று கேட்டுத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் எழுதிய மூன்றே பக்கக் கட்டுரையைப் படித்து, தத்துவம் அறியாத ஒருவருக்குத் தங்கள் மகள் விளக்கட்டும். கேட்பவர் குழம்பும்போது எரிச்சலடையாமல் வேறோர் எடுத்துக்காட்டைத் தேடுகிறாரென்றால் தயங்காமல் அனுப்புங்கள். படிப்பதில் மட்டுமே இன்பம் காண்கிறாரென்றால், ஆசிரியப் பணி அவரைக் களைப்படையச் செய்யும்; விடைத்தாள் திருத்துவதும் அப்பணியில் ஒரு பெரும்பகுதி!

சேர்வதற்கு முன், நெறியாளரிடம் முன்பு பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள், ஆய்வு மாணவர்க்குப் பாடம் நடத்தும் வாய்ப்பு உண்டா என்ற இரண்டையும் துறைக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.