மாணவர்கள் உண்மையை எழுத வேண்டுமானால்

கற்பித்தல் குறித்து மாணவர்கள் தரும் மதிப்பீட்டை நம்பகமான முறையில் திரட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் பணியில் சேர்ந்து, முதல் படிவக் கட்டைக் கண்டு தூக்கம் கெட்டவர் என்றே தங்களைக் கருதி எழுதுகிறேன்.

மொரீஷியஸில் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். முதலாண்டின் கடைசி வகுப்பன்று, ரோஸ் ஹில்லில் சுடச்சுட வாங்கிய காத்தோ பிமாவை (நம் பருப்பு வடைதான்) கொடுத்து, மாணவர்கள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே படிவங்களையும் நீட்டி, நானே ஒவ்வொருவரிடமும் சென்று திரும்ப வாங்கினேன். 11 பேரும் எல்லாவற்றுக்கும் 5க்கு 5 மதிப்பெண் இட்டிருந்தார்கள். ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. படிவம் நிரப்பும் முன் சாக்லேட் கிடைத்த மாணவர்கள் கூடுதலாக மதிப்பெண் இட்டதை 2007இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருந்ததைப் பின்னர்தான் படித்தேன்.

வடையைவிடப் பெரிய சிக்கல் கையெழுத்து. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவாகும் இச்சிறு தீவில், பெயரெழுதாத தாளையும் எழுதியவர் யாரென்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மறு ஆண்டு இணையப் படிவத்துக்கு மாறினோம், மூவரே நிரப்பினர்.

இப்போது ஐந்தாம் வாரத்திலேயே கேட்டுவிடுகிறேன். நான் வெளியே போய்விட, ஒரு மாணவர் தாள்களை உறையிலிட்டு ஒட்டி அலுவலகத்தில் சேர்ப்பார். எழுத்தர் அவற்றைத் தட்டச்சு செய்து தருவார். 'எந்த மொழியிலும் எழுதலாம்' என்றொரு வரியையும் சேர்த்தேன். அதுவரை ஆங்கிலத்தில் 'குட்' என்று எழுதி ஒதுங்கியவர்கள் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மனம் திறந்தார்கள். 'லி கோஸ் த்ரோ வித்', அதாவது இவர் மிக வேகமாகப் பேசுகிறார் என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அதை வகுப்பிலேயே படித்துக் காட்டிவிட்டு, ஒரே நாளில் முடிக்க இருந்த புணர்ச்சி விதிகளை மூன்று நாள்களுக்குப் பிரித்தேன். அடுத்த முறை தாள்களில் இரண்டு வரிக்குக் குறைவாக எவரும் எழுதவில்லை.

மாணவர்களைக் குறை கூறுவதாக எவரும் கிளம்ப வேண்டாம். என் மனத்தாங்கல் நிர்வாகத்தோடுதான். சராசரி 4.2 என்பதற்காகப் பகுதிநேர ஆசிரியை ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, 4.4 பெற்ற என்னைப் பாராட்டினார்கள். 11 பேரில் ஒருவர் 5க்குப் பதில் 3 இட்டாலே சராசரியில் 0.18 போய்விடும். இத்தகைய மதிப்பெண்களைக் கொண்டு பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்கக்கூடாதென்று டொராண்டோவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் வில்லியம் கப்லன் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் படியைத் துறைக் கூட்டத்தில் கொடுத்தேன். நிகழ்ச்சிநிரலில் இல்லாத பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.